ஒருவர் சுமக்க, வீடு சிரிக்கலாமா?

கலியாண வீட்டுப் படலையில் வாழை கட்டியாயிற்று. பந்தலில் நாதஸ்வரம் முழங்குகின்றது. மூன்றாவது தங்கைக்கும் சீதன வீடு எழுதியாயிற்று. வந்தோரைக் கைகூப்பி வரவேற்று நிற்கிறார் மூத்த அண்ணன். தலை நரைத்துவிட்டது, அவருக்கு இன்னும் மணமாகவில்லை. "அண்ணை எங்களுக்குத் தெய்வம்" என்கின்றனர் வீட்டார். யாழ்ப்பாணத்தில் இக்காட்சியைக் காணாதார் சிலரே. ஒருவருடைய வாழ்வை விலையாகக் கொடுத்துப் பலர் பெறும் மகிழ்ச்சி அறத்தோடு கூடியதுதானா? நாம் சற்றுச் சிந்திப்போம்.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. ஒல்லாந்தர் காலத்தில் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் திரட்டி, பன்னிரு முதலிமார் பார்த்து ஒப்பிய தேசவழமை, 1707 இல் எழுத்தில் அமைந்தது. மகன் மணமாகாதிருந்த காலத்தில் ஈட்டியதெல்லாம் பெற்றோரின் பொதுச் சொத்தைச் சேரும் என்று அது விதித்தது. அவன் அணிந்திருந்த பொன், வெள்ளி நகைகளுக்கு மட்டுமே விலக்கு. 1806 இல் ஆங்கிலேயரும் அதற்குச் சட்ட வலுவளித்தனர். 1911 ஆம் ஆண்டுச் சட்டம் மணவுரிமை, மரபுரிமை விதிகளைத் திருத்தியது. ஆயினும் மனத்தில் எழுதிய சட்டம் மாறவில்லை. மலாயாவில் எழுதுவினைஞராயிருந்த அண்ணனும், 1983 க்குப் பின் கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் இரவு வேலை செய்த அண்ணனும் அதற்கே கட்டுப்பட்டனர்.

அதே தேசவழமை அடிமைகளையும் உடைமையாகவே கணக்கிட்டது. இலங்கையில் அடிமைமுறை 1844 இல் சட்டத்தால் ஒழிந்தது. ஊர் வழமை என்பதனால் மட்டும் ஒன்று நீதியாகிவிடாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

குலத்தின் பொருட்டு ஒருவனைக் கைவிடலாம் என்று விதுரர் திருதராட்டிரனுக்கு உரைத்ததாக மகாபாரதம் கூறும். ஆனால் அவர் சுட்டியது தீங்கிழைத்த துரியோதனனை. பிழையேதும் செய்யாத அண்ணனுக்கு அந்நீதி எங்ஙனம் பொருந்தும்?

அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளனின் நடுநிலையை மகாவம்சமும் புகழ்கின்றது. தேர்ச்சில்லிற் கன்று மாண்டது. தாய்ப்பசு மணியை அசைத்தது. மன்னன் தன் மகனையே தண்டித்தான். நாட்டின் நலம் பெரிது, ஒரு கன்றின் உயிர் சிறிது என்று அவன் கணக்குப் பார்க்கவில்லை. நம் வீட்டு அண்ணனுக்கோ, வீட்டைப் பார்த்தே முதிர்ந்துபோன அக்காவுக்கோ, அசைப்பதற்கு மணியில்லை.

"அவர்கள் மனமுவந்து செய்யும் தியாகமன்றோ?" எனலாம். மறுக்கக்கூடிய ஒருவர் கொடுப்பதே கொடை. மறுத்தால் நன்றி கெட்டவன் என்று ஊர் தூற்றும் என அஞ்சிக் கொடுப்பது கொடையாகாது, அது வரி. தங்கையரை நோவதும் தகாது. சீதனம் கேட்டவர்கள் அவர்களல்லர். கேட்டது மாப்பிள்ளை வீடு; கொடுத்தாலே மதிப்பு என்றது ஊர்.

ஆதலின், அடுத்த கலியாணப் பேச்சு எழும் வீடுகளுக்கு நாம் கூறுவது இதுவே. சீதனத் தொகையைப் பேசுமுன், சம்பாதிக்கும் தம்பிமாரும் தங்கைமாரும் தத்தம் பங்கை ஏற்றுக்கொள்ளட்டும். மாணவ இளைஞர்கள், நாளை மணமகனாய் அமரும்போது சீதனம் வேண்டாமென்று சொல்லத் துணியட்டும். எல்லாவற்றுக்கும் முன்னே, அண்ணனை அருகில் இருத்தி ஒருமுறை கேளுங்கள்: "அண்ணை, உங்களுக்கு என்ன விருப்பம்?" பல வீடுகளில் அவரை இதுவரை எவரும் அப்படிக் கேட்டதில்லை.