விமானத் திரைகளில் குளோஸ்டு கேப்ஷன்

விமானத்தில் இருக்கைக்கு முன்னுள்ள திரையில் ஓடும் படத்தின் பேச்சையும் ஒலிகளையும் எழுத்தாகக் காட்டும் வசதி குளோஸ்டு கேப்ஷன் ஆகும். வேண்டியவர் இயக்கிக்கொள்ளலாம், வேண்டாதவர் அணைத்துவிடலாம். படத்தோடு பதிந்தே வந்து, அணைக்க முடியாமல் இருக்கும் எழுத்துக்கு ஓப்பன் கேப்ஷன் என்று பெயர்.

இதைச் சப்டைட்டிலோடு குழப்பிக்கொள்வோர் பலர். சப்டைட்டில், காது கேட்கும் ஆனால் மொழி தெரியாத ஒருவருக்காக எழுதப்படுவது. கேப்ஷனோ காது கேளாதவருக்கானது. கதவு தட்டப்படுகிறது, பின்னால் குழந்தை அழுகிறது, திரைக்கு வெளியே இருந்து அம்மா கூப்பிடுகிறார் என்பதையெல்லாம் அது சொல்லியாக வேண்டும்.

திண்டுக்கல்லில் பயணிகள் விமான நிலையம் இல்லை. ஊரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பறக்க வேண்டியவர்கள் மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறார்கள். அங்கிருந்து சென்னைக்குப் பறக்கும் சிறு விமானங்களில் திரையே இராது என்பதால் இந்தச் சிக்கலும் இல்லை. சென்னையிலிருந்து லண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும்போதுதான் வேறுபாடு தெரியும். கட்டணம் எல்லோருக்கும் ஒன்றே. படம் மட்டும் ஒருவருக்கு ஊமைப்படம்.

விமானங்களில் இடம்பெறும் தமிழ்ப் படங்களில் எழுத்து இருந்தால், அது பெரும்பாலும் ஆங்கிலச் சப்டைட்டிலாகவே இருக்கும். தமிழ் வழியில் படித்த காதுகேளாதவருக்கு ஓடி மறையும் ஆங்கில வரி அவ்வளவாக உதவாது. தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே எழுத்து எதற்கு என்று கேட்பவர்கள், அதைப் படிக்கப்போவது யார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தொழில்நுட்பத்தில் ஒரு சிறு முடிச்சும் உண்டு. விமானத்துக்காகச் சில படங்களில் காட்சிகள் வெட்டப்படுகின்றன. வெட்டிய இடத்துக்குப் பின் வரும் ஒவ்வொரு வரியின் நேரத்தையும் திருத்தாவிட்டால், ஒருவர் பேசி முடித்த பிறகே அவருடைய வசனம் தோன்றும்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42ஆம் பிரிவில், மின்னணு ஊடகங்களில் கேப்ஷன், சைகைமொழி ஆகியவற்றுக்கு வழிசெய்ய அரசைக் கேட்கிறது. 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் 'பதான்' படத்துக்கு இந்திக் கேப்ஷன் தயாரிக்கப் பணித்தது. 2024 மார்ச்சில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளுக்கான அணுகல் நெறிமுறைகளை வெளியிட்டது. இவை விமானத்தைக் குறிவைத்தவை அல்ல. ஆனாலும் திரையரங்குக்காகத் தயாரான கேப்ஷன் கோப்பு கையில் இருந்தால், நேரத்தைச் சரிசெய்து விமானத்துக்கும் கொடுத்துவிடலாம். புதிதாக எழுதும் செலவு இல்லை.

அமெரிக்காவில் 2009 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதி, விமானத்தில் புதிதாகக் காட்டப்படும் பாதுகாப்பு விளக்கப் படங்களில் தெளிவான எழுத்து இருக்க வேண்டும் என்கிறது. பொழுதுபோக்குப் படங்களை அந்த விதி கட்டாயத்துக்குள் கொண்டுவரவில்லை.

பதிவுசெய்த படத்தைவிடக் கடினமானது விமானியின் நேரடி அறிவிப்பு. அவர் பேசத் தொடங்கியதும் திரையில் படம் நின்று, அறிவிப்பு நடைபெறுகிறது என்ற வரி மட்டும் தெரியும். அறிவிப்பு என்ன என்பது தெரியாது. இறங்கும் ஊர் மாறினாலும் அப்படித்தான். காது கேளாத பயணி, சீட்டு எடுக்கும்போதே தம் தேவையைத் தெரிவித்துவிட்டு, ஏறியவுடன் பணிப்பெண்ணிடமோ பணியாளரிடமோ அறிவிப்புகளைத் தாளில் எழுதிக் காட்டும்படி கேட்டுக்கொள்ளலாம்.