ஆண்டிறுதியும் உழைப்பாளர் உடல்நலமும்



ஆண்டு முடியப் போகின்றது என்றதும் வணிகர் பேரேட்டைப் புரட்டுவர். உழவர் குதிரில் எஞ்சிய நெல்லை அளப்பர். பள்ளியில் நாம் வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் பார்ப்போம். ஆனால், உழைத்துப் பொருளீட்டும் ஒருவர், தம் உடல்நலத்தின் பொருட்டுச் சட்டம் தமக்கு அளித்துள்ள உரிமைகளில் எவற்றைப் பெற்றோம், எவற்றை இழந்தோம் என்று கணக்குப் பார்ப்பதுண்டோ? பெரும்பாலோர் பார்ப்பதில்லை. நீங்கள் இன்று மாணவர்கள், நாளை உழைப்பாளர்கள். உங்கள் இல்லத்தில் தந்தையோ தமையனோ தமக்கையோ இன்றே உழைத்துக் கொண்டிருக்கலாம். ஆகவே இக்கணக்கை நீங்கள் இப்போதே கற்றுக்கொள்ளுதல் நலம்.

நோயுற்ற தொழிலாளிக்கு மருந்தும் ஊதியமும் உரிமையாக வேண்டும் என்னும் எண்ணம் உலகிற்கு மிகப் பழையதன்று. 1883ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிஸ்மார்க்கின் ஆட்சியில் நோய்க் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. இங்கிலாந்து 1911இல் அவ்வழியைப் பின்பற்றிற்று. நம் நாட்டில் அந்நாளில் நிலைமை என்ன? நம் மாவட்டத்து மக்கள் நன்கறிந்த தூத்துக்குடிக் கோரல் ஆலையை நினைத்துப் பாருங்கள். 1908ஆம் ஆண்டில் அங்குள்ள தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். கூலி உயர்வும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், குறைந்த வேலை நேரமுமே அன்றைய கோரிக்கைகள். ஓய்வு நாள் ஒன்றைப் பெறுவதற்கே போராட வேண்டியிருந்த காலத்தில், நோய்க்கால ஊதியம் கனவிலும் எட்டாத பொருளாகவே இருந்தது.

1943ஆம் ஆண்டில் பேராசிரியர் பி. பி. அடார்க்கர் என்பாரிடம் தொழிலாளர் நலக் காப்பீட்டிற்கு ஒரு திட்டம் வகுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் 1944இல் அறிக்கை அளித்தார். அதன் அடிப்படையில் 1948ஆம் ஆண்டில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரில் பிரதமர் நேரு இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். நம் மாநிலத்தில் 1955ஆம் ஆண்டு ஜனவரியில் நூற்பாலைகள் நிறைந்த கோயம்புத்தூரில் இது முதலில் நடைமுறைக்கு வந்தது. மக்கள் வழக்கில் இதன் பெயர் இ.எஸ்.ஐ. என்பதே. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கருத்துகள் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இணைக்கப்பட்டுள்ளன.

இத்திட்டம் இயங்கும் முறையைக் காண்போம். பொதுவாக 10 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தொழிற்சாலைகளும் கடைகளும் இதன் வரம்பில் அடங்கும். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர் உறுப்பினராவர் என்பது 2017 ஜனவரியில் வகுக்கப்பட்ட எல்லை. 2019 ஜூலையில் வகுத்தபடி, தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 100க்கு முக்கால். முதலாளியின் பங்கு 100க்கு மூன்றேகால். மாதம் 12,000 ரூபாய் பெறும் ஒருவரின் ஊதியத்தில் 90 ரூபாய் பிடித்தம் செய்யப்படும்; முதலாளி 390 ரூபாய் சேர்ப்பார்; ஆக மொத்தம் 480 ரூபாய். ஊதியச் சீட்டில் அந்த 90 ரூபாயைக் கண்டு 'வீண் பிடித்தம்' என்று முணுமுணுப்போர் உண்டு. அதனோடு நான்கு மடங்குக்கு மேற்பட்ட தொகை தம் பெயரில் சேர்கின்றது என்பதை அவர்கள் அறியார்.

இனி ஆண்டிறுதிக்கு வருவோம். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு போகங்கள் உண்டு அன்றோ? இ.எஸ்.ஐ. கணக்கிலும் இரு போகங்கள் உள்ளன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. முதற் காலத்தில் விதைத்ததை அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை அறுக்கலாம். இரண்டாம் காலத்தில் விதைத்ததை ஜூலை முதல் டிசம்பர் வரை அறுக்கலாம். ஆகவே டிசம்பர் 31ஆம் நாள், ஒரு பயன்காலம் முடிந்து மறு பயன்காலம் தொடங்கும் வரப்பு ஆகும்.

பங்களிப்புக் காலத்தின் ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாள்களுக்குப் பங்கு செலுத்தப்பட்டிருந்தால், அதற்குரிய பயன்காலத்தில் நோயுற்றவர்க்கு ஊதியத்தில் 100க்கு 70 வீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உதவித்தொகை கிடைக்கும். நாளொன்றுக்குச் சராசரி 400 ரூபாய் பெறுபவர்க்கு 280 ரூபாய் ஆகும். முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாள். அவற்றுக்குத் தொகை இல்லை. ஆகவே அவர் 10 நாள் படுத்திருந்தால், எட்டு நாளுக்கு 2,240 ரூபாய் பெறுவார். புதிதாக வேலையில் சேர்ந்தவர் முதன்முறை இத்தொகை பெற ஒன்பது மாதம் காத்திருத்தல் வேண்டும். ஆனால் மருத்துவ உதவிக்கு அவ்வாறு காத்திருக்க வேண்டுவதில்லை. சேர்ந்த நாள் முதலே அவருக்கும் குடும்பத்தார்க்கும் அது உண்டு. வேலையிடத்தில் நேரும் விபத்திற்கும் நாள் கணக்கு இல்லை. தற்காலிக முடக்கத்திற்கு ஊதியத்தில் 100க்கு 90 வீதம் அளிக்கப்படும். மகப்பேற்றிற்கு 26 வாரம் முழு ஊதியம் தரும் ஏற்பாடு 2017இல் வந்தது.

நாள் கணக்கின் அருமையை விளக்க நானறிந்த ஒரு செய்தியைச் சொல்லுகிறேன். என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் வெளியூரில் ஓர் ஆலையில் ஏப்ரல் முதல் 60 நாள் உழைத்தார். பின்னர் அதைவிட்டு, ஆகஸ்டு மாதம் வேறோர் இடத்தில் சேர்ந்து செப்டம்பர் முடிய 40 நாள் உழைத்தார். இரண்டாம் இடத்தில் பழைய காப்பீட்டு எண்ணைச் சொல்லவில்லை; புது எண் ஒன்று அளித்துவிட்டனர். ஜனவரியில் மஞ்சட் காமாலை கண்டு படுத்தார். மருந்து கிடைத்தது, ஊதியத் தொகை கிடைக்கவில்லை. ஏனெனில் ஓர் எண்ணில் 60 நாள், மற்றோர் எண்ணில் 40 நாள். இரண்டிலும் 78 இல்லை. இரண்டையும் சேர்த்தால் 100 நாள்! ஈரெண்களையும் ஒன்றாக்கி அத்தொகையைப் பெறுவதற்குள் பல மாதங்கள் கடந்தன. அதற்குள் அவர் தாயாரின் கம்மல் அடகுக் கடைக்குப் போய்விட்டது. உழைப்பில் குறைவில்லை; எண்ணில்தான் குழப்பம். வேலை மாறினும் காப்பீட்டு எண் மாறக்கூடாது என்னும் ஒரு சிறு செய்தியை அறிந்திருந்தால் அக்குடும்பம் இத்துன்பத்திற்கு ஆளாகியிராது.

விடுப்பிற்கும் ஆண்டிறுதிக்கும் தொடர்புண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஓராண்டில் 240 நாள் உழைத்தவர்க்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் விடுப்பு அளித்தது. 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த 240 நாளை 180 நாளாகக் குறைத்துள்ளது. எடுக்காத விடுப்பில் 30 நாள் வரை மறு ஆண்டிற்குக் கொண்டு செல்லலாம். தற்செயல் விடுப்போ அவ்வாறன்று. அரசுப் பணியில் அது டிசம்பர் 31உடன் மறைந்துவிடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. 'உரிமையை இழக்கலாகாது' என்பதற்காக, நோயில்லாதபோது நோயுற்றதாகச் சான்று பெறுதல் தகாது. நோய்க்கால உதவி சேமித்து வைக்கும் பணமன்று; பலரும் சேர்ந்து வெட்டிய பொதுக் குளம். நலமாயிருப்போர் விட்ட நீரைக் கொண்டே நலிந்தோர் வயல் பாய்கின்றது. மேல்மடையில் வீணாக்கினால் கடைமடை காயும் என்பது, கால்வாய் நீருக்குக் காத்திருக்கும் திசையன்விளை வட்டாரத்து மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய பாடமன்று. ஆண்டிறுதியில் நாம் நாட வேண்டியது நோய்ச் சான்றிதழன்று. தள்ளிப்போட்டு வந்த கண் சோதனை, பல் சிகிச்சை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றின் பரிசோதனை இவையே.

நம் பகுதியில் பனையேறுவோரும் பீடி சுற்றுவோரும் மிகுதி. பலர் சென்னை, மும்பை முதலிய நகரங்களில் பலசரக்குக் கடைகளில் பணிபுரிகின்றனர். கடையில் 10 பேர் இருப்பின் இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்டறிய வேண்டும். பனைத் தொழிலாளர்க்கு 2006இல் தனி நலவாரியம் ஏற்பட்டது. அதில் பதிவு செய்தால் மட்டும் போதாது. உரிய காலத்தில் பதிவைப் புதுப்பித்தலும் வேண்டும். பனையிலிருந்து வீழ்ந்த பிறகு பதிவைத் தேடுதல், வெள்ளம் வந்த பிறகு கரை கட்டுவது போன்றது. ஓய்வு பெற்ற இ.எஸ்.ஐ. உறுப்பினரும், ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்தவராயின், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைவிக்கும் மருத்துவ உதவியைத் தொடர்ந்து பெறலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுவதாகையால் இதனை மறந்தோர் பலர்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். உங்கள் இல்லத்தில் உழைப்பவர் ஒருவருடன் இவ்வாரம் ஓர் அரை மணி நேரம் அமருங்கள். ஒன்று: ஊதியச் சீட்டில் காப்பீட்டுப் பிடித்தமும் எண்ணும் உள்ளனவா? இரண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாள் நிறைந்ததா? அக்டோபரில் தொடங்கிய கணக்கு ஒழுங்காக வளர்கின்றதா? மூன்று: குடும்பத்தார் பெயர்கள் அனைத்தும் பதிவில் உள்ளனவா? புதிதாய்ப் பிறந்த குழந்தையின் பெயர் விடுபட்டதா? நான்கு: எஞ்சிய விடுப்பு எத்தனை? மறு ஆண்டிற்குச் செல்வது எத்தனை? ஐந்து: எந்த மருந்தகத்தில் பெயர் பதிந்துள்ளது? இவ்வைந்து வினாக்களுக்கும் விடையை ஒரு தாளில் எழுதி, குடும்ப அட்டையுடன் சேர்த்து வையுங்கள்.

படித்த பிள்ளை வீட்டில் இருப்பதன் பயன் இதுவே. நீங்கள் கற்ற எழுத்தும் எண்ணும் தேர்வுத் தாளுடன் முடிந்துவிடலாகாது. உங்களைப் படிக்க வைப்பதற்காக உழைத்துத் தேயும் கைகளுக்கு அவை முதலில் உதவுதல் வேண்டும்.