அனுமதி பல்கலைக்கழகத்துக்கா, பாடத்துக்கா?

“ஜி.ஐ.எஸ்.ல எம்.எஸ்ஸி. கரஸ்ல போடலாமா?” நில அளவை, குடிநீர்த் திட்டம், ட்ரோன் சர்வே என்று ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் பலரும் ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல் அமைப்பு) படிப்பைப் பற்றிக் கேட்கும் கேள்வி இது. தாராளமாகப் போடலாம். விதிமுறைப்படி நடக்கும் தொலைநிலைப் பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியே அறிவித்திருக்கிறது. ஆனால், ‘விதிமுறைப்படி’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

எதைப் பார்க்க வேண்டும்?

பல்கலைக்கழகம் பேர் பெற்றதாக இருக்கலாம். அது போதாது. தொலைநிலைக் கல்விக்கான அனுமதி பாடம் பாடமாக, கல்வியாண்டு குறித்துத் தரப்படுகிறது. நீங்கள் சேரும் பாடத்தின் பெயரும் ஆண்டும் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்து, அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்துவையுங்கள். வேறு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டடி சென்டர்’ உங்கள் ஊரில் போர்டு மாட்டியிருந்தால் விலகிவிடுங்கள். தொலைநிலைப் படிப்புக்காக மாநில எல்லையைத் தாண்ட அவற்றுக்கு அனுமதி இல்லை. தனியாருக்கு ஃபிரான்சைஸ் கொடுப்பதும் தடைசெய்யப்பட்டது.

தொலைநிலையில் எம்.டெக். தருவதாக யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பொறியியலை அஞ்சல் வழியில் நடத்த முடியாது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அப்படி வழங்கிய பொறியியல் பட்டங்களில், 2001–05இல் சேர்ந்தவர்களுக்கு மட்டும் தேர்வெழுத வாய்ப்பளித்து, அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தப் பட்டத்தைக் காட்டிப் பெற்ற பதவி உயர்வு போன்ற பலன்களையும் திரும்பப் பெறச் சொன்னது.

அரசு வேலைதான் குறி என்றால், அந்தப் பணிக்கான அறிவிக்கையில் கல்வித்தகுதி எந்தச் சொற்களில் இருக்கிறது என்று முதலில் படியுங்கள். ‘புவியியல்’ என்று கேட்கும் இடத்தில் ‘ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ்’ ஏற்கப்படும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

ஆய்வகம் எங்கே?

ஜி.ஐ.எஸ். கைப்பழக்கத்தில் வரும் பாடம். பழைய டோப்போஷீட்டை ஸ்கேன் செய்து செயற்கைக்கோள் படத்தின்மேல் போடுகிறீர்கள். ஏரி ஏரியின்மேல் உட்காரவில்லை. தள்ளிப் போய் வயல்மேல் நிற்கிறது. காரணம், பழைய ஷீட் எவரெஸ்ட் என்ற புவி அளவையில் இருக்கும், படம் டபிள்யூ.ஜி.எஸ். 84 அளவையில் இருக்கும். இதைப் பக்கத்தில் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் காட்டிவிடுவார். புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஒரு வாரம் போகும். ஆகவே செய்முறை வகுப்பு எத்தனை நாள், எந்த ஊரில், எந்த மென்பொருளில், அதன் உரிமம் யார் செலவு என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள்.

பணமும் சான்றிதழும்

ரசீது பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்க வேண்டும். மையத்தை நடத்துபவரின் சொந்தக் கணக்குக்கு ‘ஜிபே’ செய்யாதீர்கள். அசல் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டுமே தவிர, பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை. யுஜிசியின் 2018 அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும். விலகுவதைத் தள்ளிப்போடப் போட, திரும்பக் கிடைக்கும் தொகை குறையும். கடைசித் தேதி கழிந்து 30 நாளும் தாண்டிவிட்டால் ஒன்றும் வராது.

ஏமாந்துவிட்டால்?

முதலில் பல்கலைக்கழகத்தின் மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2023 விதிமுறைகளின்படி அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். முடிவில் நிறைவு இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். யுஜிசியின் ‘இ-சமாதான்’ தளத்திலும் பதியலாம். பல்கலைக்கழகங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பதில் தீர்ப்புகள் ஒன்றுபோல் இல்லை. மென்பொருள் சொல்லித்தரும் தனியார் பயிற்சி மையம் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.

அவ்வளவு தூரம் போகாமலிருக்க ஒரு வழி உண்டு. டேராடூனில் உள்ள இஸ்ரோவின் ஐ.ஐ.ஆர்.எஸ். நிறுவனம் இணையவழியில் இலவசக் குறும்படிப்புகள் நடத்துகிறது. அந்தச் சான்றிதழ் பட்டமாகாது. ஆனால் பாடம் நமக்கு ஒத்துவருமா என்று காட்டிவிடும். கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளும் இலவசம். அதை இறக்கிக்கொண்டு, உங்கள் ஊர் ஏரியை அதன் இடத்தில் ஒருமுறை உட்காரவைத்துப் பாருங்கள். கட்டணம் கட்டுவதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.