தோல்வியின் விலை

கலாசாலை மாணவன் ஒருவன் பரீக்ஷை நெருங்கும் சமயத்தில் உண்ணாமலும் உறங்காமலும் நடுங்குகிறான் என்று கேள்விப்பட்டால், பெரியவர்களாகிய நாம் உடனே ஒரு தீர்ப்பைச் சொல்லி விடுகிறோம். "வருஷம் முழுவதும் ஊர் சுற்றினான், இப்பொழுது பயப்படுகிறான்" என்பார் ஒருவர். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நெஞ்சுரம் கிடையாது" என்பார் மற்றொருவர். இரண்டும் சாக்ஷிகளை விசாரியாமல் சொல்லும் தீர்ப்புகள். கோர்ட்டிலே அத்தகைய தீர்ப்பு அப்பீலில் ஒரு நாள்கூட நிற்காது. மாணவன் விஷயத்தில் மட்டும் அது தலைமுறை தலைமுறையாக நின்று வருகிறது.

விசாரணை அவசியந்தானா என்று ஐயுறுவோருக்கு ஒரு கணக்குப் போதும். 2022-ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் தற்கொலையால் மாண்ட மாணவர்கள் 13,044 பேர். அவர்களுள் 2,248 பேர் பரீக்ஷையில் தோற்றதன் காரணமாகவே உயிரிழந்தனர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இந்தக் கணக்கை, சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் விக்ரம் நாத்தும் சந்தீப் மேத்தாவும் 2025-ம் வருஷம் ஜூலை 25-ந் தேதி அளித்த தீர்ப்பில் எடுத்துக் காட்டினர். விசாகப்பட்டணத்தில் தங்கி 'நீட்' பரீக்ஷைக்குப் படித்துவந்த 17 வயதுப் பெண் ஒருத்தியின் மரணத்தைப் பற்றிய வழக்கு அது.

விசாகப்பட்டணம் தூரத்து ஊர் என்று நாம் ஆறுதலடைவதற்கில்லை. 2020-ம் வருஷம் செப்டம்பர் 12-ந் தேதி, அதாவது 'நீட்' பரீக்ஷைக்கு முந்தின நாள், தமிழ்நாட்டில் மூன்று இளைஞர்கள் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் தர்மபுரியைச் சேர்ந்தவர். அந்தக் குடும்பங்களின் துக்கத்தைப் பெயர் சொல்லிப் புதுப்பிக்க நாம் விரும்பவில்லை. அவர்கள் எவரும் அவ்வருஷத்துப் பரீக்ஷையில் அதுவரை தோற்றவர்களல்லர் என்பதை மட்டும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். பரீக்ஷையே அப்பொழுது நடக்கவில்லை.

பாடம் கடினமாயிருப்பதுதான் மாணவனுடைய பயத்துக்குக் காரணம் என்று எண்ணுவது பிசகு. கடினமான காரியங்களை மனிதன் உற்சாகத்தோடு செய்வதுண்டு. தோற்றால் என்ன விலை கொடுக்க நேரும் என்ற நினைப்பே பயத்தைப் பிறப்பிக்கிறது. அந்த விலை எல்லா வீட்டிலும் ஒன்றல்ல.

இரண்டு வீடுகள்

இதை எழுதுகிறவர் சட்டப் பரீக்ஷையில் ஒரு பாடத்தில் தவறியவர். முடிவு வந்த அன்று வீட்டுக்குள் நுழையக் கால் கூசிற்று. தகப்பனாரும் வக்கீல். அவர் செய்தியைக் கேட்டுவிட்டு, "நானும் அதே பாடத்தில்தானப்பா போனேன். அடுத்த தடவை எழுது. சாப்பிட வா" என்றார். பயம் அந்த நிமிஷமே பறந்து போயிற்று. அதில் நமது தைரியம் ஒன்றுமில்லை. எமக்குமுன் அந்த வழியில் நடந்து, விழுந்து, எழுந்த ஒருவர் வீட்டில் இருந்தார்; அவ்வளவே.

இனி, நமது ஜில்லாவின் வீடுகளைப் பார்ப்போம். சேலம் ஜில்லாவிலிருந்து தர்மபுரி பிரிந்தது 1965-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி. தர்மபுரியில் சர்க்கார் கலைக் கலாசாலை ஏற்பட்டதும் அதே வருஷத்தில்தான். பின்னர் அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் ஆகிய ஊர்களிலும் சர்க்கார் கலாசாலைகள் வந்தன. 2008-ல் வைத்தியக் கலாசாலையும் வந்தது. இவை யாவும் சந்தோஷத்துக்குரியவை. ஆயினும் 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் எழுத்தறிந்தோர் தமிழ்நாடு முழுவதிலும் நூற்றுக்கு 80.09 பேர், தர்மபுரி ஜில்லாவிலோ 68.54 பேர். மாகாணத்திலேயே கடைசி இடம் நம்முடையதாயிருந்தது. இன்று கலாசாலை வாசலில் நிற்கும் பிள்ளைகளின் பெற்றோர் அந்தக் கணக்கில் அடங்கியவர்களே. ஆகவே, எத்தனையோ வீடுகளில் கலாசாலையை முதன்முதல் மிதித்தவர் அந்தப் பிள்ளைதான்.

அத்தகைய வீட்டில் 'அரியர்' என்ற சொல் எப்படி ஒலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பாடத்தில் தேறாவிட்டால் அடுத்த பருவத்தில் மறுபடி எழுதலாம் என்பதும், பட்டம் பெற்றவர்களிலேயே பலர் அவ்வாறு எழுதியவர்கள் என்பதும் நமக்குச் சாதாரண விஷயங்கள். பாலக்கோட்டில் தக்காளி விளைவிக்கும் தகப்பனுக்கு இவற்றை எடுத்துச் சொன்னவர் யார்? 'பெயில்' என்றால் எல்லாம் முடிந்தது என்றே அவர் நினைக்கிறார். மகனும் அவ்வாறே நினைக்கிறான்.

என்ன விலை?

மானாவாரி நிலம், ராகி, மரவள்ளி, மாந்தோப்பு, மழை பொய்த்தால் கடன். இதுவே இந்த ஜில்லாவில் பெரும்பாலான குடும்பங்களின் பொருளாதாரம். மழை இல்லாத வருஷங்களில் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கும் போவோர் நம் கிராமங்களில் புதியவர்களல்லர். அந்தக் குடும்பம் ஒரு பையனைக் கூலிக்கு அனுப்பாமல் மூன்று அல்லது நான்கு வருஷம் படிக்க வைக்கும்போது, அவன் சம்பாதித்திருக்கக் கூடிய கூலி முழுவதையும் அவன் பேரில் பந்தயமாக வைக்கிறது. நகையை அடகு வைத்துக் கட்டிய கட்டணம் வேறு. பரீக்ஷை மண்டபத்தில் உட்காரும் மாணவன், கேள்வித்தாளைப் பார்க்குமுன்பே இந்தக் கணக்கைப் பார்த்து விடுகிறான்.

பெண்ணுக்கு விலை இன்னும் அதிகம். அண்ணன் தோற்றால், "அடுத்த தடவை பார்ப்போம்" என்று சொல்கிற வீட்டிலேயே தங்கை தோற்றால், "படித்தது போதும், மாப்பிள்ளை பார்" என்று சொல்கிறார்கள். அவளுடைய மதிப்பெண் பட்டியல் கலியாணப் பத்திரிகையாக மாறிவிடுகிறது. சர்க்கார் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கு அதேபோன்ற 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. நல்ல ஏற்பாடுகளே. பஸ் செலவுக்கும் புஸ்தகத்துக்கும் அப்பணம் உதவும். தோற்ற பெண்ணைக் கலாசாலையில் மேலும் ஒரு பருவம் நிறுத்தி வைக்க அது மட்டும் போதாது.

வருகை நாட்களின் தொல்லையும் உண்டு. நூற்றுக்கு 75 நாள் வந்திருக்க வேண்டும். குறைந்தால் அபராதம் கட்ட வேண்டும். மிகவும் குறைந்தால் பரீக்ஷை எழுத அனுமதியில்லை. அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் வயலில் நின்ற பிள்ளைக்கும், சித்தேரி மலையிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ இறங்கிவரும்போது பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளைக்கும், சினிமாக் கொட்டகைக்குப் போனவனுக்கும் சட்டம் ஒன்றே.

பாஷையின் சுமை

விலை இவ்வளவு உயர்ந்திருக்கையில், தோல்விக்கான வழியையும் நாமே அகலப்படுத்தி வைத்திருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு வரையில் தமிழில் கணிதமும் ரஸாயனமும் படித்தவன், ஜூன் மாதத்தில் கலாசாலைக்கு வந்ததும் அவற்றையே இங்கிலீஷில் படிக்க வேண்டியவனாகிறான். ஆசிரியர்கள் இரக்கங்கொண்டு தமிழில் விளக்குகிறார்கள், அவனுக்கும் புரிகிறது. விடை மட்டும் இங்கிலீஷில் எழுத வேண்டும். ஆகையால் புரிந்ததை விட்டுவிட்டுப் புரியாத வாக்கியங்களை நெட்டுருப் போடுகிறான். விஷயத்தை அறிந்தவன் ஒரு சொல் மறந்தால் வேறு சொல்லைப் போட்டு எழுதுவான். நெட்டுருப் போட்டவனுக்கு ஒரு சொல் நழுவினால் பக்கம் முழுவதும் நழுவும். அவன் நடுங்காமல் என்ன செய்வான்?

இது மூளையில்லாதவர்களின் முறையீடென்று எண்ண வேண்டாம். மெட்ரிகுலேஷன் தேறிய பின் 1888-ல் பாவநகர் சாமள்தாஸ் கலாசாலையில் சேர்ந்த ஓர் இளைஞருக்கு ஆசிரியர்களின் பிரசங்கங்களைப் பின்பற்றவே முடியவில்லை. எல்லாம் கஷ்டமாயிருந்தது. முதல் பருவம் முடிந்ததும் வீடு திரும்பிவிட்டார். அந்த இளைஞரின் பெயர் மோகன்தாஸ் காந்தி. தாய்பாஷையில் ஒரே வருஷத்தில் சுலபமாகக் கற்றிருக்கக் கூடியதை இங்கிலீஷில் கற்க நான்கு வருஷம் பிடித்ததென்று 1938-ல் அவர் 'ஹரிஜன்' பத்திரிகையில் வருந்தி எழுதினார்.

நம் கும்பகோணத்து ராமானுஜனை அறியாதவர் யார்? கணிதத்தில் முழுகி மற்றப் பாடங்களில் தவறியதால் கும்பகோணம் கலாசாலையில் உதவிச் சம்பளத்தை இழந்து, 1905-ல் வீட்டில் சொல்லாமல் புறப்பட்டுப் போனார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தும் எப்.ஏ. தேறவில்லை. 1918-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிக் கொண்டது. மேதைகள் தோற்பதுண்டு என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பரீக்ஷை அவரிடம் இல்லாததை மாத்திரம் அளந்தது. இருந்ததை அளக்க அதற்கு வழியில்லை.

இதற்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. 1857-ல் சென்னை, பம்பாய், கல்கத்தா சர்வகலாசாலைகளை லண்டன் சர்வகலாசாலையின் மாதிரியில் நிறுவியபோது, போதிப்பது அவற்றின் வேலையாக இருக்கவில்லை. பரீக்ஷை நடத்திப் பட்டம் வழங்குவதே வேலை. சேலத்தில் 1997-ல் ஏற்பட்ட பெரியார் சர்வகலாசாலையின் கீழ் நமது கலாசாலைகள் இயங்குகின்றன. இங்கும் பாடத்துக்கு 25 மதிப்பெண் உள் மதிப்பீட்டுக்கு, 75 மதிப்பெண் பருவப் பரீக்ஷைக்கு என்பதே பழகிய முறை. ஆறு மாதப் படிப்பின் முக்கால் பங்கு மூன்று மணி நேரத்தில் நிர்ணயமாகிறது.

பயமே தோல்வியைக் கொணரும்

சிறிது பயம் நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம். அமெரிக்காவில் யெர்க்ஸ், டாட்ஸன் என்ற இரு சாஸ்திரிகள் 1908-லேயே எலிகளைக்கொண்டு இதை ஆராய்ந்தனர். தூண்டுதல் மிதமாயிருந்தால் கற்பது நடக்கிறது. கடினமான காரியத்தில் தூண்டுதல் மிஞ்சினால் கற்பது கெடுகிறது. 1967-ல் லீபர்ட், மாரிஸ் என்ற இருவர் மாணவரின் பரீக்ஷை பயத்தை இரண்டாகப் பிரித்தனர். உடம்பின் படபடப்பு ஒன்று. "தோற்றால் என்ன ஆகும்" என்று ஓயாது ஓடும் மனக்கவலை மற்றொன்று. மதிப்பெண்ணை அதிகம் குறைப்பது இந்த இரண்டாவதுதான் என்பது ஆராய்ச்சிகளில் தெளிவாயிற்று. ஒரே சமயத்தில் மனம் தாங்கக்கூடிய விஷயங்கள் சிலவே. அந்த இடத்தைக் கடனும் கலியாணமும் பிடித்துக்கொண்டால் சூத்திரங்களுக்கு இடமேது? தோல்வியின் விலையை ஏற்ற ஏற்ற, தோல்வியும் ஏறுகிறது.

செய்யத்தக்கவை

ஆகவே, மாணவனுக்குத் தைரியம் உபதேசிப்பதைவிட, தோல்வியின் விலையைக் குறைப்பதே பரிகாரம். முதலாவதாக, முதல் பருவத்தைப் பாஷை மாறும் பருவமாகக் கருத வேண்டும். கலைச்சொற்களை இரு பாஷைகளிலும் கற்பித்து, விடையைத் தமிழிலும் எழுத இடந்தர வேண்டும். 1960-ல் கோவையில் பி.ஏ. வகுப்பையும், 2010-ல் அண்ணா சர்வகலாசாலையில் சிவில், மெக்கானிக்கல் என்ஜினீயரிங்கையும் தமிழில் தொடங்கிய நாட்டுக்கு இது ஆகாத காரியமல்ல. உத்தியோகத்துக்கு இங்கிலீஷ் வேண்டுமென்று மாணவர்கள் அஞ்சுவது நியாயமே. அதனால்தான் இங்கிலீஷை அகற்றச் சொல்லவில்லை. படிப்படியாக ஏற்றச் சொல்லுகிறோம்.

இரண்டாவதாக, தவறிய பாடத்தை ஆறு மாதம் காக்க வைக்காமல் சில வாரங்களிலேயே மறுபடி எழுத வழி செய்ய வேண்டும். அந்த விதிகளைக் கலாசாலை திறக்கும் முதல் நாளில், பெற்றோரையும் அழைத்து, தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, நாம் மேலே குறித்த சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களையுடைய கல்வி ஸ்தாபனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. தனிச் சட்டம் இயற்றப்படும் வரையில் அக்கட்டளைக்குச் சட்டத்தின் வலிமை உண்டு. காகிதத்திலுள்ள கட்டளை அரூருக்கும் பென்னாகரத்துக்கும் தானாக நடந்து வராது. அதை அழைத்து வருவது பொதுக்காரியத்தில் ஈடுபட்டவர்களின் வேலை. 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனுப் போட்டு, "உங்கள் கலாசாலையில் ஆலோசகர் எப்பொழுது நியமிக்கப்பட்டார்?" என்று கேளுங்கள். மேடையில் பேசும் ஒரு மணி நேரத்தைவிட அந்த ஒரு மனு அதிக வேலை செய்யும். மனம் தாங்க முடியாத நிலையிலுள்ள பிள்ளை எந்த நேரத்திலும் 14416 என்ற இலவச டெலிபோன் எண்ணில் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

கடைசியாக, வீடு. இதற்குச் சட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம். முடிவு வரும் நாளில் பிள்ளை வாசற்படியில் தயங்கி நின்றால், மதிப்பெண்ணைக் கேட்குமுன் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். எமது தகப்பனார் அன்று செய்தது அதுதான். படித்த வீட்டுக்கு மட்டும் அது சொந்தமாயிருக்க வேண்டியதில்லை.