காய்ச்சல் கண்ட வீட்டிற்கு யார் போவார்?



மாற்கு எழுதின சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்தில், கப்பர்நகூமில் சீமோனுடைய மாமி ஜுரத்தினால் படுத்திருந்ததை வாசிக்கிறோம். ஆண்டவர் அவளுடைய கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார், ஜுரம் நீங்கியது, அவள் எழுந்து பணிவிடை செய்தாள். இந்த அற்புதத்தை நாம் எத்தனையோ முறை பிரசங்கிக்கக் கேட்டிருக்கிறோம். ஆனால், அற்புதத்திற்கு முன் நடந்த இரண்டு காரியங்களை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. முதலாவது, வீட்டார் தாமதிக்காமல் அவளுடைய வியாதியை ஆண்டவருக்குத் தெரிவித்தார்கள். இரண்டாவது, ஆண்டவர் அவளுடைய படுக்கையண்டைக்கே போனார்.

தெரிவிப்பார் இல்லாத, போவார் இல்லாத இடங்களில்தான் மலேரியா இன்றும் மனிதரைக் கொன்றுகொண்டிருக்கிறது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 26 கோடிப் பேருக்கு இந்தக் காய்ச்சல் கண்டது என்றும், ஏறத்தாழ 6 லட்சம் பேர் மரித்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மரித்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க தேசங்களின் ஐந்து வயதுக்கும் குறைந்த பிள்ளைகள். இந்த வியாதிக்குப் பரிசோதனை உண்டு, மருந்தும் உண்டு. அப்படியிருந்தும் இத்தனை பேர் ஏன் மரிக்க வேண்டும்? நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

கண்ணுக்குத் தெரியாத சத்துரு

மலேரியா கெட்ட காற்றினால் வருவதென்று முற்காலத்தார் நம்பினார்கள். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி, செகந்திராபாத்தில் இராணுவ மருத்துவராயிருந்த ரொனால்டு ராஸ், ஒரு கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அனாபிலிஸ் என்னும் இனத்துப் பெண் கொசுவே இந்தக் கிருமியைச் சுமந்து திரிகிறது. அது பெரும்பாலும் பொழுது சாய்ந்ததுமுதல் விடியும்வரை கடிக்கிறது. கிருமி முதலில் ஈரலுக்குள் சென்று பெருகி, பின்பு இரத்தத்திற்குள் இறங்கும்போதுதான் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் உண்டாகின்றன.

நம் தேசத்தில் இதில் இரண்டு வகைகளே முக்கியமானவை. ஒன்று பால்சிபாரம், சில நாட்களிலேயே மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது. மற்றொன்று வைவாக்ஸ், இது ஈரலுக்குள் ஒளிந்து உறங்கி, சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து மறுபடியும் எழும்புவது. எந்த வகை என்பதை இரத்தப் பரிசோதனையின்றி ஒருவராலும் சொல்ல முடியாது.

தூரமே மரணமாகும்போது

தாராவியில் குடியிருக்கும் ஒருவருக்கு இரவில் குளிர்காய்ச்சல் கண்டால், சயான் மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருக்கிறது. மாநகராட்சி மருந்தகங்களில் இரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசமாய்க் கிடைக்கின்றன. வரிசையில் நிற்க வேண்டும், அன்றைய கூலியை இழக்க வேண்டும் என்பது மெய்தான். ஆயினும் போக ஓர் இடமுண்டு. இதே மகாராஷ்டிர மாநிலத்தின் கிழக்குக் கோடியிலுள்ள கட்சிரோலி மாவட்டத்தின் காட்டுக் கிராமங்களில் நிலைமை வேறு. மழை பெய்து ஓடைகள் பெருகினால், பல கிராமங்களுக்குப் பாதையே இல்லை.

நம்முடைய சபைகள் அறிந்த இன்னொரு மலையையும் நினைவுபடுத்துகிறேன். ஜார்க்கண்ட் மாநிலத்தில், கங்கை நதி வளைந்து செல்லும் இடத்தில் ராஜ்மகால் மலைகள் இருக்கின்றன. அங்கே மால்டோ என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பேசும் மொழி, தமிழைப் போலவே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை அநேகர் அறியார். மொழியினால் அவர்கள் நமக்குத் தூரத்து உறவினர்! அவர்களுடைய கிராமங்களில் பல, மலையுச்சியில் சாலையின்றி இருந்தவை. மலேரியாவும் காலா அசார் என்னும் கருங்காய்ச்சலும் காசநோயும் அந்த ஜனத்தை வாட்டின. சிறு பிள்ளைகளும் கர்ப்பவதிகளும், கீழே இறங்கி மருத்துவரைக் காணுமுன்னே மரித்தார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்ட நண்பர் சுவிசேஷ ஜெபக்குழுவின் மிஷனரிகள் இந்த மலைகளில் ஏறிச் சென்றதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களில் சிலருடைய பெற்றோர் அந்தப் பணிக்காகக் காணிக்கை அனுப்பியும் இருக்கலாம். அங்கே ஊழியஞ்செய்தவர்களையும் மலேரியா விட்டுவைக்கவில்லை. சுவிசேஷத்தைக் கேட்க வேண்டிய ஜனம் காய்ச்சலில் செத்துக்கொண்டிருக்கும்போது, பிரசங்கம் மட்டும் போதாதென்று அவர்கள் கண்டார்கள். 1996-ஆம் ஆண்டில், இம்மானுவேல் ஹாஸ்பிட்டல் அசோசியேஷன் அவர்களோடு கைகோத்து, சாகிப்கஞ்ச் மாவட்டத்தின் பர்ஹர்வா பகுதியில் பிரேம் ஜோதி என்னும் சுகாதாரப் பணியைத் தொடங்கியது. நாளடைவில் அது மருத்துவமனையாகவும் வளர்ந்தது.

ஆனால் மலையுச்சியில் உள்ளவன் மருத்துவமனைக்கு இறங்கி வரும்வரை பால்சிபாரம் காத்திராது. ஆகையால் கிராமத்து மக்களையே சுகாதார ஊழியர்களாகப் பயிற்றுவித்தார்கள். காய்ச்சலை அடையாளம் காணவும், முதல் மருந்தைக் கொடுக்கவும், ஆபத்தான குறிகள் கண்டால் உடனே கீழே அனுப்பவும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இதை எண்ணும்போது, நாகமான் வீட்டில் இருந்த சிறு பெண் என் நினைவுக்கு வருகிறாள். சீரியாவின் படைத்தலைவனுக்குச் சுகம் கிடைக்கும் வழியைக் காட்டியவள் இராஜாவும் அல்ல, மந்திரியும் அல்ல. சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுமி. எங்கே போக வேண்டும் என்பதை அவள் அறிந்திருந்தாள். அறிந்ததை மறைக்காமல் சொன்னாள். 2005-ஆம் ஆண்டுமுதல் இந்திய அரசு கிராமந்தோறும் நியமித்துவரும் ஆஷா சகோதரிகளும் அப்படிப்பட்டவர்களே. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, பரிசோதனை அட்டையில் இட்டு, ஏறக்குறைய இருபது நிமிடத்தில் மலேரியா உண்டா இல்லையா என்று அறிந்து, அங்கேயே மாத்திரை கொடுக்க அவர்கள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள்.

காய்ச்சலற்றவரையும் தேடிப் போனார்கள்

ஒடிசா மாநிலம் 2017-ஆம் ஆண்டில் இன்னும் ஒருபடி மேலே சென்றது. மலையிலும் காட்டிலும் இருக்கும் எட்டாத குடியிருப்புகளில் மழைக்கு முன்னும் பின்னும் முகாமிட்டு, காய்ச்சல் உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் எல்லாருடைய இரத்தத்தையும் பரிசோதித்தார்கள். ஏன்? அடிக்கடி மலேரியா கண்டவர்களில் சிலருக்குக் கிருமி இரத்தத்தில் இருந்தும் காய்ச்சல் வருவதில்லை. அவர்கள் சுகமாய் நடமாடுவார்கள். ஆனால் அவர்களைக் கடித்த கொசு அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும்போது, அந்தப் பிள்ளை சாகக்கூடும். மருந்தூட்டிய கொசுவலைகளும் ஒரு கோடிக்கும் மேல் வழங்கப்பட்டன. 2016-இல் அம்மாநிலத்தில் 4 லட்சத்து 40 ஆயிரத்திற்கும் மேலாயிருந்த மலேரியாக் காய்ச்சல், 2019-இல் 40 ஆயிரத்திற்கும் கீழே இறங்கியது.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனைக் குறித்து நாம் பாடுகிறோம், பிரசங்கிக்கிறோம். கடைசி வீடுவரை போகிறவர்களால்தான் இந்த வியாதி தோற்கடிக்கப்படுகிறது.

ஜெபமா, மாத்திரையா?

தேவ ஜனமே, இப்போது நம்முடைய சபைகளுக்குள் வருவோம். நாம் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறவர்கள். இயேசு கிறிஸ்து நேற்றும் இன்றும் மாறாதவர் என்று அறிக்கையிடுகிறவர்கள். இந்த விசுவாசத்தை நான் ஒருபோதும் குறைத்துப் பேசேன். ஆனால், விசுவாசத்தின் பெயரால் நடக்கும் ஒரு காரியத்தைச் சொல்லாமலிருக்கவும் கூடாது.

ஒரு சகோதரருக்கு வைவாக்ஸ் காய்ச்சல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் குளோரோகுயின் மாத்திரையும், பதினான்கு நாள் பிரைமாகுயின் மாத்திரையும் தரப்படுகின்றன. மூன்றாம் நாளில் காய்ச்சல் விடுகிறது. ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லுகிறார். சபை ஸ்தோத்திரம் செலுத்துகிறது. மீதி மாத்திரைகள் அலமாரியில் தங்கிவிடுகின்றன. இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சல் திரும்புகிறது. "கர்த்தர் தந்த சுகத்தை இழந்துவிட்டேனோ? என்ன பாவம் செய்தேன்?" என்று அவர் உள்ளம் உடைகிறது. பிரியமானவர்களே, அவர் சுகத்தை இழக்கவில்லை. ஈரலில் உறங்கிய கிருமி எழும்பிற்று, அவ்வளவே. அதைக் கொல்லுவதற்கே அந்தப் பதினான்கு நாள் மாத்திரை. அறியாமையினால் ஒரு மனிதனுடைய சரீரம் மாத்திரமல்ல, அவனுடைய விசுவாசமும் காயப்படுகிறது.

நாகமான் யோர்தானில் எத்தனை தரம் முழுகினான்? ஏழு தரம். மூன்றாம் தரம் முழுகினபின் அவன் கரையேறியிருந்தால் என்னவாயிருக்கும்? சொல்லப்பட்டதை முடிவுவரை செய்ததே அவனுடைய கீழ்ப்படிதல். எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தபோது கர்த்தர் கேட்டார்; ஆயினும் ஏசாயா அவனுடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னான். ஜெபமும் மருந்தும் அங்கே ஒன்றோடொன்று சண்டையிடவில்லை. பவுலோடு பிரயாணம்பண்ணின லூக்காவும் வைத்தியனே. ஆகையால், போதகரை ஜெபிக்க அழையுங்கள். அதே நாளில் இரத்தப் பரிசோதனைக்கும் போங்கள். உபவாச ஜெபம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று பிள்ளையின் காய்ச்சலைத் தள்ளிப்போடாதிருங்கள். பால்சிபாரமாயிருந்தால் அந்த மூன்று நாள் ஓர் உயிரின் விலையாகிவிடும்.

ஒரு எச்சரிப்பும் தேவை. பிரைமாகுயின் கர்ப்பவதிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கூடாது. இரத்தத்தில் ஜி6பிடி என்னும் குறைவு உள்ளவர்களுக்கும் தீங்கு செய்யும். எனவே மீந்த மாத்திரையை அயலகத்தாருக்குக் கொடுப்பதும், கடையில் கேட்டு வாங்கித் தாமாகவே விழுங்குவதும் ஆபத்தானவை. மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உட்கொள்ளுங்கள்.

நம்முடைய வாசற்படியில்

மலேரியா மலைக்கிராமத்துக் காரியம் என்று நாம் இருந்துவிட முடியாது. 2010-ஆம் ஆண்டில் இந்த மும்பையிலேயே 76 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மலேரியாவினால் பாதிக்கப்பட்டார்கள்; 140-க்கும் மேற்பட்டோர் மரித்தார்கள். நகரத்தின் மலேரியாக் கொசு சாக்கடையில் அல்ல, பெரும்பாலும் தெளிந்த நீரிலேயே முட்டையிடும். மொட்டைமாடித் தொட்டிகள், கிணறுகள், கட்டட வேலை நடக்கும் இடங்களில் தேங்கும் தண்ணீர், நாம் பிடித்துவைக்கும் டிரம்கள் ஆகியவையே அதன் தொட்டில்.

குழாயில் தண்ணீர் வரும் நேரம் குறைவாயிருக்கையில், டிரம்மில் பிடித்து வைக்காமல் எப்படிப் பிழைப்பது என்று கேட்பீர்கள். பிடித்து வையுங்கள், ஆனால் இறுக மூடுங்கள், அல்லது நெருக்கமான துணியால் வாய்கட்டுங்கள். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரத்திற்கும் சற்றே அதிகமாகும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் டிரம்மைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவிக் காயவிட்டால் அந்தச் சந்ததி அற்றுப்போகும். சனிக்கிழமை சபைக் கட்டடத்தைச் சுத்தம் செய்கிற வாலிபர்கள், அன்றே சபையின் மேல்தொட்டி மூடியையும் பார்க்கலாம். தாய்மார் ஐக்கியம் தங்கள் சந்திலுள்ள டிரம்களைப் பார்க்கலாம்.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் எழும்பும் உயர்ந்த கட்டடங்களின் அடியில், ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளிகள் தகரக் கொட்டகையில் உறங்குகிறார்கள். அவர்களுக்கு இந்த நகரத்தின் மொழி தெரியாது, மருந்தகம் இருக்கும் இடமும் தெரியாது. நம்முடைய தகப்பன்மாரும் பாட்டன்மாரும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இறங்கியபோது அப்படித்தானே நின்றார்கள்! அவர்களில் ஒருவன் நடுங்கிக் கிடப்பதைக் கண்டால், கையைப் பிடித்து மருந்தகத்திற்கு அழைத்துப் போங்கள். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். அதோடு நில்லாமல் சத்திரம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தான்.

விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறுமுன் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்தால், முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஊருக்குப் போனபின் காய்ச்சல் கண்டால், மும்பையிலிருந்து வந்ததை அங்குள்ள மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். சொந்த ஊருக்கு நாம் கொண்டுபோகும் பரிசுகளில் இந்தக் கிருமி ஒன்றாயிருக்க வேண்டாம்.

வென்றபின் உறங்காதிருப்போம்

இலங்கையைப் பாருங்கள். 1963-ஆம் ஆண்டில் அந்தத் தீவு முழுவதிலும் கண்டறியப்பட்ட மலேரியா வெறும் 17 பேருக்குத்தான். வெற்றி கிடைத்துவிட்டதென்று எண்ணி மருந்து தெளிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். 1967-ஆம் ஆண்டிற்குப் பிறகு லட்சக்கணக்கானோரைக் காய்ச்சல் மறுபடியும் பிடித்தது. அவர்கள் மனம் தளரவில்லை. உள்நாட்டுப் போரின் ஆண்டுகளிலும் சுகாதாரப் பணியாளர்கள் இரத்தம் பரிசோதிப்பதை நிறுத்தவில்லை. 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில், மலேரியா இல்லாத தேசம் என்ற சான்றை உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு வழங்கியது. நம் தேசமும் 2030-ஆம் ஆண்டிற்குள் மலேரியாவை ஒழிக்க இலக்கு வைத்திருக்கிறது.

பிரியமானவர்களே, மிஷனரி காணிக்கை எடுக்கும் ஞாயிற்றுக்கிழமையில், மலைகளில் ஊழியஞ்செய்யும் குடும்பங்களுக்காக மாத்திரம் ஜெபித்து நின்றுவிடாதீர்கள். அவர்கள் உறங்கும் கொசுவலைக்காகவும், அவர்கள் நடத்தும் மருந்தகத்திற்காகவும் கொடுங்கள். மருத்துவமோ செவிலியர் படிப்போ படிக்கும் உங்கள் பிள்ளைகளிடம், அங்கே போக ஓராண்டையாவது ஒப்புக்கொடுப்பாயா என்று கேளுங்கள். அவர்கள் போகிற வீட்டில் ஒரு தாய் எழுந்திருந்து, தன் பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்த்துப் பணிவிடை செய்வாள்.

கர்த்தர் தாமே நம்மைத் தாமதமின்றிச் சொல்லுகிறவர்களாகவும், தயங்காமல் போகிறவர்களாகவும் ஆக்குவாராக. ஆமென்.