இறுகாத பசை

பசை என்றால் காற்றுப்பட்டு உலர வேண்டும் என்பது நாம் சிறு வயது முதல் கண்ட செய்தி. கஞ்சிப் பசையும், தச்சர்கள் காய்ச்சும் வச்சிரமும் ஈரம் வற்றியே இறுகுகின்றன. இன்று நான் சொல்லப் புகும் பசையோ இதற்கு நேர்மாறானது. காற்று இருக்கும்வரை நீர்போல் இருக்கும். காற்று அகன்றால்தான் கெட்டிப்படும்.

ஓயாமல் அதிரும் இயந்திரத்தில் போல்ட்டும் நட்டும் சிறிது சிறிதாகத் தளர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு இறுக்கினாலும் இரண்டின் மரைகளுக்கும் இடையே மெல்லிய வெளி உண்டு. அதனை நிரப்பிப் பூட்டுவதே இப்பசையின் வேலை. அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரத்து டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராயிருந்த வெர்னான் கிரீபிள் என்பவர் 1953 ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். 1956 இல் லாக்டைட் என்ற பெயரோடு அது உலகிற்கு அறிமுகமாயிற்று. பசை அடைக்கும் பிளாஸ்டிக் புட்டியை முழுவதும் நிரப்பாமல் விடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் கஞ்சத்தனம் ஏதுமில்லை. உள்ளே காற்று இருந்தால்தான் பசை புட்டியிலேயே இறுகாமல் இருக்கும்!

காற்றை விலக்கினால் மட்டும் போதுமா என்றால், போதாது. இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலர் அறியார். பசையில் பெராக்சைடு என்னும் பொருள் சிறிதளவு கலந்திருக்கிறது. அது சிதைந்தால் துடிப்புமிக்க அணுத்தொகுதிகள் பிறக்கும். அவை பசையின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கும். ஆக்ஸிஜன் அருகிலிருந்தால் அவற்றைப் பிடித்து அடக்கிவிடும். ஆக்ஸிஜன் இல்லாதபோதும் பெராக்சைடைச் சிதைக்க ஒரு தூண்டுகோல் வேண்டும். அது உலோகம். இரும்பும் செம்பும் ஓர் எலெக்ட்ரானைக் கொடுப்பதும் திரும்ப வாங்குவதுமாக மாறி மாறி இயங்கவல்லவை. அதனால் பெராக்சைடை எளிதில் சிதைக்கின்றன. துத்தநாகத்திற்கு அந்தத் திறமை இல்லை.

துருப்பிடிக்காதிருக்க உருக்கின்மேல் துத்தநாகம் பூசி, அதன்மேல் குரோமேட் படலமும் ஏற்றுகிறார்கள். பசை தொடுவது அந்தப் போர்வையைத்தான்; அடியிலுள்ள இரும்பை அது காண்பதே இல்லை. துருவேறா எஃகின் கதையும் இதுவே. அதில் இரும்பு மிகுதியாக இருந்தும், குரோமிய ஆக்சைடுப் படலம் அதனை மூடி நிற்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் துத்தநாகம் பூசிய போல்ட்டுகளில் பசையிட்டு, மறுநாள் கழற்றிப் பார்த்தார்கள். மரையெல்லாம் ஈரம். பசை பழையது என்று எறிந்துவிட்டுப் புதுப் புட்டி வாங்கினார்கள், பயன் அதுவேதான். ஐந்து நிமிடச் சோதனை ஒன்று அந்தப் பணத்தை மிச்சப்படுத்தியிருக்கும். பூச்சில்லாத இரும்புப் போல்ட்டு ஒன்றை நன்றாகத் துடைத்து, ஒரு சொட்டுப் பசையிட்டு, பித்தளை நட்டைத் திருகி வைக்க வேண்டும். சிறிது நேரத்தில் அது பிடித்துக்கொண்டால் பசை நிரபராதி, குற்றம் பூச்சினுடையது. அதுவும் பிடிக்காவிட்டால்தான் பசையைச் சந்தேகிக்கலாம்.

வெளியே வழிந்த பசை ஈரமாயிருப்பதைக் கண்டு ஏமாறக்கூடாது. காற்றுப்படும் இடத்தில் அது என்றுமே ஈரம்தான். நன்கு இறுகியிருந்தால், வலிந்து கழற்றும்போது மரையில் வெண்மையான துகள்கள் உதிரும். இறுகாத பசையோ எண்ணெய்போல் வழுக்கும். பூட்டென்று நம்பி இட்டது மரைக்கு மசகாகிவிடுகிறது! வண்டிச் சக்கரத்திலோ சுழலும் விசிறியிலோ இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பரிகாரம் என்ன? பூச்சைச் சுரண்டி எடுக்கலாமே என்று சிலர் கேட்பர். அது துருவை விருந்துக்கு அழைப்பதாகும். இதற்கெனவே தூண்டுநீர் விற்கிறார்கள். சில வகைகளில் செம்பின் உப்பு கலந்திருக்கிறது. இரும்பு செய்ய வேண்டிய வேலையை அந்தச் செம்பு செய்துவிடும். முதலில் எண்ணெயை நன்கு போக்கி, தூண்டுநீரைத் தடவி, அது உலர்ந்தபின் பசையிட வேண்டும். பிடிப்பின் வலிமை சற்றுக் குறையலாம். ஆகவே சாதாரண இரும்பில் இதனை வீணே தடவவேண்டாம். போல்ட்டு பூச்சுள்ளதாயினும் நட்டு வெறும் இரும்பாயிருந்தால், பெரும்பாலும் தாமதமாகவேனும் இறுகிவிடும். மிதமான சூடும் துணைசெய்யும், குளிர் தடைசெய்யும்.

கழுவும் நீரையும் மறந்துவிடக்கூடாது. உலோகம் கழுவும் சில திரவங்களில் துருத்தடுப்பு மருந்து சேர்த்திருக்கிறார்கள். கழுவியபின் மரையில் தங்கும் அந்த மருந்தே பசையை உறங்கவைத்துவிடும். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும் போல்ட்டு ஏன் பிடிக்கவில்லை என்று வியப்பவர்கள், கழுவிய நீரை விசாரிப்பது நல்லது.

இறுகாமல் முன்னரே பூட்டிவிட்டவற்றின்மேல் தூண்டுநீரைத் தெளிப்பதால் பயனில்லை. அது மரையின் ஆழத்திற்குச் செல்லாது. கழற்றி, ஈரப் பசையைத் துடைத்து, முதலிலிருந்து செய்யத்தான் வேண்டும். அப்போது அதே போல்ட்டு, அதே நட்டு ஒரு ஜோடியைத் தனியே பூட்டி மேசைமேல் வைத்துவிடுங்கள். இருபத்துநான்கு மணி நேரம் கழித்து முதலில் அதனைத் திருகிப் பார்த்து, அது அசையாவிட்டால் இயந்திரத்தை ஓட்டலாம்.