பொற்றலைக் கையாந்தகரை

காஞ்சி கயிலாசநாதர் திருக்கோயிலை ஒட்டிய பிள்ளையார்பாளையம் பட்டு நெசவாளர் குடியிருப்பு. குழித்தறிக்கே இடம் போதாத வீடுகளில் தோட்டம் எங்கே போடுவது என்று கேட்கத் தோன்றும். ஒரு முழ அகலமும் கிணற்றடி ஈரமும் இருந்தால் போதும், மஞ்சள் கரிசலாங்கண்ணி அங்கே தழைத்துவிடும். பொற்றலைக் கையாந்தகரை என்று சித்த மருத்துவம் போற்றும் மூலிகை இதுவே.

சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு கொடி இது. சுவாமிக்குச் சாத்தும் செவ்வந்தியும் மரிக்கொழுந்தும் இதற்கு உறவு. ஒற்றைப் பூவாகத் தெரிவது உண்மையில் பூக்கூட்டம். நடுவட்டத்தில் நுண்மலர்கள் செறிந்திருக்க, ஓரத்தில் இதழ்போல் விரிபவையும் தனித்தனி மலர்களே. வயல் வரப்பில் வெண்பூப் பூக்கும் வெள்ளைக் கரிசாலை இதன் உறவினம்.

இம்மூலிகையை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தவர் ராமலிங்க சுவாமிகள். இளமையில் அவரைத் தமிழ் பயில அனுப்பியது காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் என்பது காஞ்சியாருக்குப் பெருமை தரும் செய்தி. 1867-இல் வடலூரில் தருமச்சாலை கண்ட பெருமான், அன்பர்களின் அன்றாட ஒழுக்கத்தை வகுத்தபோது கரிசலாங்கண்ணியைத் தூதுவளை, முசுமுசுக்கை, சீரகத்துடன் காலையில் அருந்தச் சொன்னார். பசிப்பிணி தீர்க்க அடுப்பு மூட்டியவர், உண்டவரின் உடல் நலத்தையும் மறக்கவில்லை.

ஈரல் நோய்க்கும் தலைமுடிக்கும் இதை வழங்கிய வைத்தியர் கைமுறையை அறிவியலும் ஆராய்ந்தது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் டி.ஆர். கோவிந்தாச்சாரி குழுவினர் 1956-இல் பிரித்தெடுத்த வெடேலோலாக்டோன் என்னும் பொருள் மஞ்சள், வெள்ளை இரண்டிலும் உள்ளது. அதற்காக, காமாலை கண்டவர் கீரையை மட்டும் நம்பி மருத்துவரிடம் போகாதிருத்தல் கூடாது. நாள்தோறும் மாத்திரை உண்போரும் கேட்டறிந்தே உண்ண வேண்டும்.

இதனினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. பூங்காக்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் பாய் விரித்தாற்போல் மஞ்சள் பூவுடன் படரும் கொடியைப் பலர் கரிசலாங்கண்ணி என்றே கிள்ளிச் செல்கின்றனர். அது அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட வேறு செடி. உலகின் மிகக் கொடிய 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அதன் இலை தடித்துப் பளபளக்கும், இருபுறமும் மடல் பிரிந்து மூன்று முனையாகத் தோன்றும். நம் கரிசாலையின் இலையோ குறுகி நீண்டு, மடலின்றி, தடவினால் சொரசொரக்கும். பூவைப் பார்த்தால் ஏமாறலாம். இலையைத் தடவினால் ஏமாற மாட்டோம். நாற்றங்காலில் வாங்குவோரும் இச்சோதனையைச் செய்வது நல்லது.

வளர்ப்பு எளிது. இரண்டு மூன்று கணுக்கள் உள்ள தண்டை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஒரு கணு மண்ணுள் புதையுமாறு நட வேண்டும். கணுதோறும் வேர் விடும். மக்கிய சாணமும், காலை வெயிலும், காயாத ஈரமும் போதும். சோப்பு நீர் ஆகாது. சாக்கடை ஓரத்திலும் சாயக் கழிவு நீர் கலக்கும் இடத்திலும் முளைத்ததைப் பறிக்கவே கூடாது. நீரின் நஞ்சைச் செடி உறிஞ்சிக்கொள்ளும். சாயப் பட்டறைகள் உள்ள ஊருக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். வெள்ளை வகையை விதையால் வளர்ப்பவர் விதையை மண்ணால் மூடாமல் மேலாகத் தூவ வேண்டும், வெளிச்சம் பட்டால்தான் அது முளைக்கும்.

வேரோடு பிடுங்காமல் இரண்டு விரற்கடை விட்டு நறுக்கினால் மீண்டும் தழைக்கும். அசல் குறையாத வைப்புத் தொகை என்றே இதைச் சொல்லலாம். பாசிப்பருப்புடன் கடைந்தால் கைப்புத் தெரியாது. மிஞ்சியதை நிழலில் உலர்த்திப் பொடித்து வைக்கலாம். ஐப்பசி மழையில் நட்ட தண்டு, தைப்பூச ஜோதி தரிசனத்துக்கு வடலூர் புறப்படும் முன்னரே முதல் கீரையைத் தந்துவிடும்.